எமிலியானுஸின் இடக்கன்னம்

இல்லை, எமிலியானுஸ் கண்ணடிக்கவில்லை. ஆயிரம் பேர் சொல்லட்டும், கோயில் வாசலில் நின்று சத்தியம் பண்ணட்டும், அவன் கண்ணடிக்கவில்லை. கண்ணடிக்கிறவன் ஒரு கண்ணை வேண்டுமென்றே மூடுகிறான். எமிலியானுஸுக்கோ ஒரு கண் மூடமாட்டேன் என்று நின்றது. இரண்டும் ஒன்றாகுமா? நாம் எல்லோரும் மூச்சு விடுகிற மாதிரி நினையாமலே இமைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவனும் இமைத்தான். வலக்கண் மூடித் திறந்தது. இடக்கண் விறைத்துப் பார்த்தபடி நின்றது. எதிரே நின்றவளுக்கு அது கண்ணடித்த மாதிரித் தெரிந்தால் அதற்கு அவனா பொறுப்பு?

அன்றைக்கு எதிரே நின்றவள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிற நிலக்சனா. ஞாயிறு பூசை முடிந்து அவள் படியிறங்கி வர, வேப்பமரத்தடியில் நின்ற எமிலியானுஸ் தலையை ஆட்டி, "சுகமோ ரீச்சர்?" என்று கேட்டான். கேட்கும்போது வாய் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. ஒரு கண் வெட்டியது. நிலக்சனா விடுவிடென்று வீட்டுக்குப் போய்த் தாயிடம் சொன்னாள். தாய் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள், அதுவும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு. பொழுது சாய்வதற்குள் கரம்பன் ஊரில் அந்தக் கதை தெரியாமல் இருந்தது தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் மட்டும்தான்.

மறுநாள் கதைக்குக் கைகால் முளைத்துவிட்டது. பஸ் கொண்டக்டர் எமிலியானுஸுக்குக் கன்னத்தில் ஒப்பரேஷன் நடந்தது என்பதே பொய்யாம். ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒருத்தியோடு தொடுப்பாம். மனைவி மேரிறோஸ் அதை அறிந்து உலக்கையால் போட்ட போட்டில் வாய் கோணிப்போனதாம். மேரிறோஸ்! ஒரு கோழி உரிப்பதற்கே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விட்டுவிட்டு, குசினிக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறவள். அவள் உலக்கை தூக்கினாளாம். காதுக்கு முன்னாலே தொடங்கிக் கழுத்துவரை இறங்குகிற தையல் அடையாளத்தையும் உலக்கைதான் போட்டதா? உலக்கை எந்தக் காலத்தில் ஊசியில் நூல் கோத்தது?

நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் இந்தக் கதை அடங்கும்.

எமிலியானுஸ், நண்டு வலை போடுகிற குருசுமுத்துவின் கடைசி மகன். வலையில் சுற்றிக்கொண்டு கிடக்கிற நண்டை ஒரு கண்ணிகூட அறாமல் கழற்றி எடுப்பதில் அந்தக் கரையில் குருசுமுத்துவை மிஞ்ச ஆளில்லை. மூத்த பெடியள் இரண்டு பேரும் தகப்பனோடு தொழிலுக்குப் போனார்கள். எமிலியானுஸும் போனான். ஒருநாள் போனால் மூன்று நாள் வாந்தி. வள்ளத்தின் ஓரத்தில் தலை தொங்கக் கிடந்த மகனைப் பார்த்து, "மீனுக்கு நீ இரை போட்டது காணும். கரையிலை நில்லடா" என்று தகப்பன் சொல்லிவிட்டார்.

கரையில் நின்றவனுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். காற்று மாறினால், வானம் கறுத்தால், இரண்டு விரலை வாய்க்குள் வைத்து விசிலடித்து வள்ளங்களைக் கூப்பிட வேண்டும். அந்த விசில் இருக்கிறதே, அது காற்றுக்கும் கடலுக்கும் மேலாலே போகும். பிறகு நாட்டில் சண்டை வந்தது. ஊர்காவற்றுறைத் தீவு முழுக்க எழும்பி ஓடியது. வன்னி, மன்னார் என்று அலைந்து ஒருவழியாக ஊர் திரும்பியபோது எமிலியானுஸிடம் மிச்சமாக இருந்தவை அந்த விசிலும், மன்னார் அகதி முகாமில் கண்டு கட்டிய மேரிறோஸும்தான்.

இரண்டையும் வைத்துக்கொண்டு அவன் நன்றாகத்தான் வாழ்ந்தான். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற தனியார் பஸ் ஒன்றில் பதினேழு வருடமாகக் கொண்டக்டர். சாரதி பஸ்ரியாம்பிள்ளை, அவனோடு ஒன்றாகப் படித்த கூட்டாளி. பஸ்ஸின் மணிக்கயிறு முதலாவது வருடமே அறுந்துபோனது. எமிலியானுஸின் விசில் இருக்க மணி எதற்கு என்று அதை யாரும் திருப்பிக் கட்டவில்லை. ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் போ. நீட்டி ஒன்று என்றால், பின்னால் ஒரு கிழவி ஓடி வருகிறாள், கொஞ்சம் பொறு. தீவுப் பாதையில் வீட்டுக்குள் இருக்கிறவர்கள்கூட அந்த விசிலைக் கேட்டுத்தான் செருப்பைக் கொழுவிக்கொண்டு ஓடி வருவார்கள்.

நாலு வருடத்துக்கு முன் ஒருநாள் சவரம் செய்யும்போது, இடக் காதுச் சோணைக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில், புளியங்கொட்டை அளவில் ஏதோ விரலுக்குள் உருண்டது. நோவில்லை. காய்ச்சலில்லை. மேரிறோஸைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"உது கூகைக்கட்டு" என்றாள் மேரிறோஸ். "மேற்கு வளவுப் பிள்ளையளுக்கும் வந்தது தானே. தங்கம் போட்டா வத்திப் போயிடும்."

கன்னம் வீங்குகிற கூகைக்கட்டுக்கு, அதாவது பொன்னுக்குவீங்கிக்கு, கழுத்தில் தங்கம் போடுவது அங்கே எல்லோரும் செய்கிற காரியம். ஒன்பது நாள் போட்டால் போதும் என்பார்கள். மேரிறோஸ் தன் பதக்கச் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள். ஒன்பது நாள் போனது. பிள்ளைகளுக்கு வந்த கூகைக்கட்டு வற்றி, அவர்கள் பள்ளிக்கூடமும் போய்விட்டார்கள். இவனுடையது போகவில்லை. அப்படியென்றால் இன்னும் கொஞ்ச நாள் தங்கம் கிடக்கட்டும் என்று விட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் நாலு வருடமானது. வெள்ளிக்கிழமைகளில் மேரிறோஸ் விரலால் தடவிப் பார்ப்பாள்.

"வத்திக்கொண்டு வருது" என்பாள்.

அவளுக்குக் கணவன் பயப்படக்கூடாது. அவனுக்கு மனைவி கவலைப்படக்கூடாது. அதனால் அவனும் "ஓமோம், வத்திக்கொண்டுதான் வருது" என்பான். இப்படி இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேற்றித் தேற்றி, புளியங்கொட்டை தேசிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. அவன் தாடி வளர்த்தான். ஆண்பிள்ளைக்கு எதற்குப் பொம்பிளைச் சங்கிலி என்று பஸ்ஸில் கேட்டவர்களுக்கு, "மனுசி என்னைக் கட்டி வைச்சிருக்கிறா" என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்தான்.

சமாளிக்க முடியாத ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் கம்சிகா. யாழ்ப்பாணத்தில் வீடு, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை. காலையில் பஸ் திரும்பி வருகிற ஓட்டத்தில் ஏறுவாள். ஊர் சொன்ன "தொடுப்பு" இந்தப் பிள்ளைதான். நடந்த தொடுப்பு இவ்வளவுதான்: பண்ணைப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது, டிக்கெட் கொடுக்கக் குனிந்தவனுடைய தாடிக்குள் அவள் கண் போனது.

"அண்ணை, உதென்ன கன்னத்திலை?"

"கூகைக்கட்டு, தங்கச்சி."

"எப்ப வந்தது?"

"நாலு வருசம் இருக்கும்."

கம்சிகா டிக்கெட்டை வாங்காமல் அவனையே பார்த்தாள். "நாலு வருசமாக் கூகைக்கட்டு? அண்ணை, கூகைக்கட்டு பத்து நாளிலை போயிடும். நாலு வருசம் இருக்க அதென்ன வீட்டு மாப்பிள்ளையே?"

பஸ் சிரித்தது. சிரித்த கையோடு பஸ் முழுக்க வைத்தியம் சொல்லத் தொடங்கியது. முன் இருக்கையிலிருந்த பத்திநாதர், பென்சன் எடுத்த தபால்காரர், "பூச்சிப் பல்லு. அடியிலை சீழ் கட்டியிருக்கு. பல்லைக் கழட்டினா சரி" என்றார். வேலணை நாகமுத்து ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"சங்கிலியிலைதான் பிழை. இந்தக் காலத்துத் தங்கத்திலை பாதி செம்பு. பழைய பவுண் போட்டிருந்தா எப்பவோ வத்தியிருக்கும்."

"போனைக் காதுக்குள்ள வைச்சு வைச்சு வாறது ஆச்சி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவனுக்கு ஆர் போன் எடுக்கினம்? கடன்காரன்கூட எடுக்கிறேல்லை" என்று பஸ்ரியாம்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தபடி கத்தினார்.

கம்சிகா எழும்பி நின்று, ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கை விரல்களால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள்.

"நோகுதே?"

"இல்லை."

"சாப்பிடேக்கை வீங்கி, பிறகு வத்துதே?"

"இல்லை. எப்பவும் ஒரே மாதிரித்தான்."

"நோகாததெண்டு சும்மா இருக்காதேங்கோ. நோகாமல் வளருறதைத்தான் கெதியாக் காட்ட வேணும். இண்டைக்கே வாங்கோ. இல்லையெண்டா நாளைக்கு நான் உங்கட பஸ்ஸிலை ஏறமாட்டன். மற்ற பஸ்ஸுக்குத்தான் போவன்."

"டேய், வாடிக்கையைக் குழப்பாதை. போடா" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

அன்றைக்கே போனான். ஊர்காவற்றுறையில் பார்த்த டொக்டர் அதிகம் பேசாமல் ஒரு துண்டெழுதி யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் டொக்டர் வினோஜா, மெலிந்த, சத்தம் போடாமல் கதைக்கிற பெண். அவர் முதலில் கட்டியைத் தொடவேயில்லை. கதிரையை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு முகத்தைப் பார்த்தார்.

"புருவத்தை உயத்துங்கோ. கண்ணை இறுக்கி மூடுங்கோ. பல்லைக் காட்டுங்கோ. கன்னத்தை ஊதுங்கோ. இனி விசிலடியுங்கோ பாப்பம்."

விசிலடி என்று சொன்னால் எமிலியானுஸுக்கு ஒரே விசில்தான் தெரியும். இரண்டு விரலை வைத்து ஊதினான். வெளியே வரிசையில் இருந்தவர்கள் பாதிப் பேர் எழும்பிவிட்டார்கள். ஒரு காவலாளி ஓடி வந்தார்.

"உது காணும்" என்று டொக்டர் வினோஜா காதைத் தேய்த்துக்கொண்டார். "முகத்து நரம்பு நல்லா வேலை செய்யுது. அது நல்ல அறிகுறி."

பிறகுதான் கட்டியை உருட்டிப் பார்த்தார், கழுத்தில் வேறு நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார், வாய்க்குள் வெளிச்சம் பிடித்தார். ஒரு துண்டு தேசிக்காயை நாக்கில் வைத்துச் சப்பச் சொல்லி, கட்டி வீங்குகிறதா என்று பார்த்தார். வீங்கவில்லை. துப்பல் சுரக்கிற சுரப்பி காதுக்கு முன்னால் இருக்கிறது என்றும், அதன் குழாயில் கல்லடைத்தால் புளிப்புப் பட்டதும் வீங்கி நோகும் என்றும், இது கல்லில்லை, சுரப்பிக்குள் முளைத்த கட்டி என்றும் சொன்னார்.

ஸ்கான் எடுக்கப் போன இடத்தில் ஒரு சண்டை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். எமிலியானுஸ் மாட்டேன் என்றான்.

"கழட்டினாக் கூடிப்போயிடும்."

"நாலு வருசமாப் போட்டும் கூடித்தானே இருக்கு, ஐயா" என்றாள் அங்கிருந்த பிள்ளை.

அவன் திரும்பி, வாசலில் நின்ற மேரிறோஸைப் பார்த்தான். மேரிறோஸ் வந்து, தான் போட்ட கொளுக்கியைத் தானே கழற்றி எடுத்தாள். கையில் சங்கிலியை வைத்துக்கொண்டு நின்றவளுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது.

"நான்தானே ஒவ்வொரு கிழமையும் வத்துது வத்துது எண்டு சொன்னனான்" என்று அழத் தொடங்கினாள்.

"நானும் ஓம் எண்டுதானே சொன்னனான். பாதிப் பிழை என்ரை. அழாதை, கண்ணைத் துடை" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

மெல்லிய ஊசி ஒன்றால் கட்டிக்குள் குத்திக் கொஞ்சம் இழுத்து எடுத்தார்கள். அந்த முடிவு வருவதற்கு இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையும் பஸ்ஸில் எமிலியானுஸின் பகிடி கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. சங்கிலி மேரிறோஸின் கழுத்துக்குத் திரும்பியதையும் ஊர் கவனித்தது. முடிவைச் சொல்லப் பதினைந்தாம் நாள் டொக்டர் வினோஜா இருவரையும் இருத்தினார்.

"புற்றுநோய் இல்லை. தீங்கில்லாத கட்டி" என்றார். மேரிறோஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆனா விட்டு வைக்க ஏலாது. வளர்ந்துகொண்டே போகும். கன வருசம் விட்டா சிலருக்குப் புற்றா மாறவும் கூடும். எடுத்துவிடுவம்."

"தோண்டி எடுக்கிறதோ, டொக்டர்?"

"தோண்ட ஏலாது. அதின்ரை தோல் மெல்லிசு. உடைஞ்சு சிந்தினா, பத்து வருசத்துக்குப் பிறகு பல இடத்திலை முளைச்சு நிக்கும். சுத்தியிருக்கிற சுரப்பியையும் ஒரு பங்கு சேத்து, உடையாமல் முழுசா எடுக்க வேணும். அதிலைதான் ஒரு சிக்கல்." அவர் ஒரு தாளில் காதை வரைந்து, காதின் அடியிலிருந்து ஐந்து கோடுகள் இழுத்தார். "முகத்து நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ளாலைதான் ஐந்தாப் பிரிஞ்சு போகுது. ஒண்டு நெத்திக்கு, ஒண்டு கண்ணுக்கு, மற்றது கன்னத்துக்கு, வாய்க்கு, கழுத்துக்கு. கட்டி அதுகளுக்கு மேலை குந்தியிருக்கு. நரம்பு ஒவ்வொண்டையும் கண்டுபிடிச்சு, அதுகளிலை இருந்து கட்டியைப் பிரிச்செடுக்க வேணும்."

எமிலியானுஸ் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டொக்டர், நீங்கள் வலையிலை இருந்து நண்டு கழட்டியிருக்கிறியளோ?"

"இல்லை. சமைச்சிருக்கிறன்."

"அவசரக்காரன் வலையை வெட்டுவான். நண்டு வந்திடும், வலை போயிடும். எங்கட அப்பு ஒரு கண்ணி அறவிடமாட்டார். நீங்கள் எப்பிடி?"

"நானும் வெட்டாமல் கழட்டத்தான் பாப்பன்" என்றார் டொக்டர் வினோஜா. அவர் சிரிக்கவில்லை. "ஆனா நரம்பைத் தொட்டு விலக்கினா அது கொஞ்ச நாளைக்குச் சோர்ந்துபோகலாம். கண் மூடாது, வாய் கோணும். பெரும்பாலும் திரும்பி வந்திடும். மூண்டு மாதம், ஆறு மாதம் எடுக்கலாம். நூற்றிலை ஒண்டிரண்டு பேருக்குத் திரும்பாமலும் விடும். இதைச் சொல்லாமல் நான் கத்தி எடுக்கமாட்டன்."

"விசில்?"

"வாய் நேரானாத்தான் விசில்."

பஸ்ஸுக்குத் திரும்பி நடக்கும்போது எமிலியானுஸ் கையால் வாயைத் தடவிக்கொண்டே வந்தான். பதினேழு வருடம் அந்தப் பஸ்ஸை நிறுத்தியதும் நகர்த்தியதும் அந்த வாய்தான். வாய் போனால் அவன் யார்? கடலுக்கு ஏலாதவன், பஸ்ஸுக்கும் ஏலாதவன். மேரிறோஸ் அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களைக் கட்டேக்கை நான் விசிலைப் பாத்துக் கட்டேல்லை" என்றாள். "பின்னை என்னத்தைப் பாத்தனீ?" என்று கேட்டான். "அந்த முகாமிலை வேறை ஆக்கள் இருக்கேல்லை" என்றாள். அவன் சிரித்துவிட்டான். நாள் குறித்துக்கொண்டு வந்தார்கள்.

ஒப்பரேஷன் மூன்றரை மணித்தியாலம். கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, கட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய், காதுச் சோணை கட்டையாக விறைத்துக் கிடந்தது. டொக்டர் வினோஜா வந்து எதிரே நின்றார்.

"கட்டி உடையாமல் வந்திட்டுது. நரம்பு ஐஞ்சும் முழுசா இருக்கு, என்ரை கண்ணாலை பாத்தனான். இப்ப பல்லைக் காட்டுங்கோ."

அவன் காட்டினான். வலப்பக்கப் பல்லு மட்டும் தெரிந்தது.

"கண்ணை மூடுங்கோ."

மூடினான். இடக்கண் பாதியில் நின்றது. டொக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கோவிச்சுக்கொண்டு நிக்குது. அறுந்த நரம்பு இல்லை, கோவிச்ச நரம்பு. பொறுத்திருக்க வேணும்."

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். நாலாம் நாள் வீடு. கண் காயாமல் இருக்க மணிக்கொருதரம் துளி மருந்து, படுக்கும்போது மருந்து பூசி இமையை இழுத்து ஒட்டவேண்டும். அதை மேரிறோஸுக்குக் காட்டிக்கொடுக்கத்தான் கம்சிகா வேலை முடிந்து இரண்டு நாள் வீட்டுக்கு வந்தாள். பட்டப்பகலில், முன் வாசலால், மேரிறோஸ் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனாள். ஊர் எழுதிய காதல் கதையில் இதுதான் முதலாம் அத்தியாயம். இரண்டாம் அத்தியாயம் கோயில் வேப்பமரத்தடி. அது தெரிந்ததுதான்.

கதை காதுக்கு வந்ததும் எமிலியானுஸ் உள்ளே போனவன்தான். முன் விறாந்தைக்கும் வரமாட்டான். யாராவது வாசல் படலையில் கூப்பிட்டால் அறைக்குள் போய்விடுவான். கண்ணாடிக்கு முன்னால் இருந்து டொக்டர் சொன்ன பயிற்சிகளை மட்டும் செய்வான்: புருவம், கண், பல்லு, கன்னம், உதடு. உதட்டைக் குவித்து ஊதினால் இடப்பக்கத்தால் காற்றுத்தான் போனது. பஸ்ஸில் அவனுக்குப் பதிலாக வேறொருவரைப் போட்டிருந்தார்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கி வைத்து ஊதினார். கரம்பன் வளைவில் அது கீச்சென்று கேட்கும்போதெல்லாம் எமிலியானுஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான்.

ஆறாம் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. சொந்தப் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று ஓட்டோ பிடித்தான், துவாயால் முகத்தை மூடிக்கொண்டு. அல்லைப்பிட்டியில் பஸ்ரியாம்பிள்ளையின் பஸ் ஓட்டோவை முந்தியது. முந்தும்போது அவர் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கையால் ஹோனைப் போட்டு அமத்தினார், மண்டைதீவுச் சந்திவரை விடவில்லை. துவாய் நனைந்தது மேரிறோஸுக்கு மட்டும் தெரியும். அவள் யாருக்கும் சொல்லவில்லை.

எடுத்த கட்டியை முழுதாகச் சோதித்த முடிவு வந்திருந்தது. தீங்கில்லாதது, சுற்றி எடுத்த ஓரமும் சுத்தம், இனி வருடத்துக்கு ஒருதரம் காட்டினால் போதும். டொக்டர் வினோஜா பல்லைக் காட்டச் சொன்னார். இடப்பக்க வாய்க்கோடியில் ஒரு துடிப்பு.

"கண்டியளோ? கோவம் ஆறத் தொடங்குது. வேலைக்குப் போகலாம். காத்து, தூசி கண்ணிலை படாமல் கண்ணாடி போடுங்கோ."

"வாய் நேராகட்டும், பிறகு போறன்" என்றான் எமிலியானுஸ்.

"வாய் வேலை செய்தாத்தான் நேராகும். சுவரோடை கதைச்சு நேராகாது."

வீட்டுக்கு வந்தால் படலையில் நிலக்சனா நின்றாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை.

"அண்ணை, ஒரு கதை கேக்க வந்தனான். அண்டைக்கு நீங்கள் என்னைப் பாத்துக் கண்ணடிச்சனீங்களோ, இல்லையோ?"

எமிலியானுஸ் அறைக்குள் நழுவப் பார்த்தான். மேரிறோஸ் அவனை விறாந்தைக் கதிரையில் பிடித்து இருத்தினாள். எதிரே இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இருங்கோ ரீச்சர். தேத்தண்ணி வைச்சுக்கொண்டு வாறன். அதுவரைக்கும் அவரைப் பாத்துக்கொண்டிருங்கோ. எத்தினை தரம், ஆருக்கு அடிக்கிறார் எண்டு எண்ணுங்கோ."

நிலக்சனா எண்ணினாள். படிப்பிக்கிற பிள்ளை, கணக்கு ஒழுங்காக வைப்பாள். எமிலியானுஸ் கதவைப் பார்த்தான், கண் வெட்டியது. முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தான், கண் வெட்டியது. சுவரில் தொங்கிய அந்தோனியார் படத்தைப் பார்த்தான், அவருக்கும் ஒன்று. தேத்தண்ணி வந்தபோது நிலக்சனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஆட்டுக்கு நாலு தரம். அந்தோனியாருக்கு மூண்டு."

"அந்தோனியார் கோவிக்கமாட்டார். ஆடுதான் ஊருக்குள்ளை போய்ச் சொல்லும்" என்றாள் மேரிறோஸ்.

எமிலியானுஸ் சிரித்தான். எவ்வளவோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, வாய் காதுவரை ஒரு பக்கமாக ஏறி நின்றது. நிலக்சனாவுக்குச் சிரிப்புப் போய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் எல்லாருக்கும் சொல்லுறன், அண்ணை. என்ரை பிழை. அம்மாவுக்கு முதல் சொல்லுறன்."

"வேண்டாம் பிள்ளை. நீர் எனக்காகக் கதைச்சா, அதுக்கும் ஒரு கதை கட்டுவினம்."

"ஓம், கட்டுவினம்" என்றாள் மேரிறோஸ். இப்போது அவள் சிரிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, நீங்கள் உள்ளுக்கு இருக்க இருக்க, அவையின்ரை கதைதான் உங்கட பேரைப் போட்டுக்கொண்டு ஊருக்குள்ளை நடந்து திரியுது. அது போற இடமெல்லாம் நீங்களும் ஒருக்காப் போய்வந்தா, சனம் எந்த எமிலியானுஸை நம்புமெண்டு பாப்பம்."

அவன் தேத்தண்ணியைக் குடித்தான். இடப்பக்கத்தால் கொஞ்சம் ஒழுகியது. துவாயை எடுக்காமல் புறங்கையால் துடைத்தான், நிலக்சனா பார்த்துக்கொண்டிருக்கத் துடைத்தான்.

பின்னேரம் பஸ்ரியாம்பிள்ளைக்குத் தானே போன் எடுத்தான். "விசில் இல்லை மச்சான். காத்துத்தான் வருது" என்றான்.

"அதுக்கென்னடா, பஸ் தகரத்திலை தட்டு. நான் செவிடே?" என்றார் அவர்.

திங்கட்கிழமை விடிய எழும்பினான். தாடியை முழுக்க வழித்தான். நாலு வருடத்துக்குப் பிறகு அந்தக் கன்னம் வெளிச்சத்தைக் கண்டது, தையல் கோடும் தெரிந்தது. அதை மறைக்க மேரிறோஸ் சட்டைக் கழுத்தை உயர்த்திவிட்டாள். அவன் திருப்பி மடித்துவிட்டான். கண்ணுக்குத் துளி விட்டுக்கொண்டான். கண்ணாடியைப் போட்டான். டிக்கெட் பையைத் தோளில் கொழுவினான்.

"பயமாயிருக்கே?" என்று மேரிறோஸ் கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப?"

"பயத்தைப் பாத்தா பஸ் விட்டிட்டுப் போயிடும்."

வாசல்படியில் ஒரு கணம் நின்றான். வளைவில் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. எமிலியானுஸ் இறங்கி, முற்றத்தைக் கடந்து, நிமிர்ந்த கழுத்தோடு றோட்டுக்குப் போனான். போகிற அவசரத்தில் படலையைத் திறந்து போட்டுவிட்டே போய்விட்டான். ஆடு வெளியே ஓட, மேரிறோஸ் அவனையும் ஆட்டையும் சேர்த்து ஊர் கேட்கத் திட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள்.